கூடாரங்கள் சந்தியோடு நிற்கட்டும்: கன்னியா வெந்நீரூற்று குறித்து ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுர வீதி வழியே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு வருவோர் முன்பெல்லாம் குளித்துவிட்டு அன்றே திரும்பிவிடுவார்கள். அண்மைக் காலமாக அவர்களில் ஒரு பகுதியினர், குறிப்பாக மோட்டார் சைக்கிள்களிலும் வான்களிலும் கூட்டமாக வரும் இளைஞர்கள், கூடாரங்களைக் கையோடு கொண்டுவந்து, பிரதான வீதியிலிருந்து ஊற்றுகளுக்குச் செல்லும் பாதையோர வெளிகளிலும் பற்றைகளுக்கு நடுவிலும் இரவில் தங்குவதைக் காண்கிறேன். இதற்கு ஒருவரும் அனுமதி கொடுத்ததாகத் தெரியவில்லை; ஒருவரும் தடுத்ததாகவும் தெரியவில்லை. இவர்களை விரட்டவேண்டும் என்று கேட்பதற்காக நான் இக்கடிதத்தை எழுதவில்லை. கன்னியாவுக்குத் திரும்பும் சந்தியை அண்டி, கிணறுகளிலிருந்து போதிய தூரத்தில், மலசலகூடமும் தண்ணீரும் விளக்கும் காவலும் உள்ள ஒரு கூடார நிலத்தைப் பொறுப்பானவர்கள் ஒதுக்கிக் கொடுக்கவேண்டும் என்பதும், அதற்கப்பால் கிணற்றுப் பக்கமாக ஒரு கூடாரம்கூட எழக்கூடாது என்பதுமே என் கோரிக்கை.

கூடாரத்தில் தங்க விரும்புவோர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையான பருவத்தில் அறை வாடகை ஏறிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் மாணவர்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது கட்டுப்படியாவதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. வெந்நீரூற்றில் குளிப்பதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை. சித்திரை மாத நடுப்பகலில், ஊர் முழுவதும் வெயிலில் வாடும்போது வெந்நீரை மேலில் வார்த்துக்கொள்பவருக்குக் கன்னியாவின் அருமை தெரியப்போவதில்லை. மழை விட்ட தை மாதத்துப் புலர்பொழுதில், வாடைக்காற்று உடம்பைக் குத்தும் வேளையில், முதல் வாளியைத் தோளில் கவிழ்ப்பவருக்கே அது தெரியும். அந்த நேரத்தில் அங்கே நிற்கவேண்டுமானால் அருகில் எங்காவது இரவைக் கழிக்கத்தான் வேண்டும். ஆகவே இந்த ஆசை நியாயமானது. ஆண்டுக்கு ஆண்டு கூடுமே தவிரக் குறையாது. இடம் கொடுக்காமல் விட்டால் அவர்கள் தாங்களாகவே இடம் தேடிக்கொள்வார்கள், அப்படித் தேடும்போது கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்டத்தான் வருவார்கள்.

கிட்ட வருவது ஏன் ஆபத்து என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெந்நீர் பூமியின் அடியாழத்திலிருந்து வருகிறது, மேலே நாம் செய்வது எதுவும் அதைத் தொடாது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. கன்னியாவில் உள்ளவை ஏழு கிணறுகள். சதுரமாகக் கட்டப்பட்டவை, ஆழம் குறைந்தவை, குனிந்து பார்த்தால் அடி தெரிபவை. சூடு கிணற்றுக்குக் கிணறு சற்று வேறுபட்டாலும் பொதுவாக 40 பாகை செல்சியசை அண்டியே இருக்கும். தன் தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் ஏழு இடங்களில் நிலத்தைக் குத்தியபோது இந்நீர் பீறிட்டது என்பது நம் ஐதீகம். இதன் பின்னாலுள்ள நிலவியலும் வியப்புக்குரியதே. இலங்கையில் இயங்கும் எரிமலை எதுவும் இல்லை. மழைநீரே பாறைப் பிளவுகளினூடாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை கூடும். அப்படிச் சூடேறிய நீர் வேறொரு பிளவைக் கண்டதும், ஆறிப்போவதற்கு முன்பே மேலேறி வந்துவிடுகிறது. உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி எனப்படும் இரண்டு தொன்மையான பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே, கன்னியா தொடங்கி மகா ஓயா ஊடாக அம்பாந்தோட்டை மாவட்டத்து மதுநாகல வரை, நம் நாட்டின் வெந்நீரூற்றுகள் ஒரு வரிசையாக அமைந்திருக்கின்றன.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, மேலேறி வரும் நீர் கடைசியாகக் கடக்கும் சில அடி மண்ணை. அங்கேதான் அது மேல்மட்ட நிலத்தடி நீரைச் சந்திக்கிறது. நம் வீட்டுக் கிணறுகளில் நாம் இறைக்கும் அதே வகையான நீர் அது. மழை பெய்தால் உயர்வதும், கோடையில் தாழ்வதும், பக்கத்துக் குழியின் கழிவைத் தன்னோடு இழுத்து வருவதும் அதன் இயல்பு. இரண்டும் எவ்வளவு கலக்கின்றனவோ அவ்வளவுக்கு ஊற்றின் சூடு தணியும். சூடு தணிவதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. மேல்மட்ட நீரில் கரைந்திருப்பவையும் கூடவே வந்து சேருகின்றன. எனவே கிணற்றிலிருந்து சற்றுத் தள்ளிப் பற்றைக்குள் ஒருவர் மலங்கழித்தால், அது ஆழத்து நீரைத் தொடாவிட்டாலும் நாம் அள்ளித் தோளில் வார்க்கும் நீரைத் தொடும். ஒருவர் செய்தால் மண் அதைச் செரித்துவிடும். பருவகாலத்து வார இறுதிகளில் பத்துப் பதினைந்து கூடாரங்கள் ஒரே பக்கத்தில் நின்றால் மண்ணுக்கு அந்த அவகாசம் கிடைக்காது. ஐப்பசி மழை தொடங்கியதும், அதுவரை சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் கழுவப்பட்டுத் தாழ்ந்த இடத்தை நோக்கி ஓடும்.

உலகெங்கும் காடு மலைகளில் கூடாரமடிப்போர் பின்பற்றும் பொதுவான ஒரு நெறி உண்டு. ஆறு, குளம், ஊற்று எதுவானாலும் அதிலிருந்து குறைந்தது 200 அடி, அதாவது வளர்ந்த ஒருவரின் நடையில் ஏறத்தாழ 70 எட்டு, தள்ளியே கூடாரம் அடிக்கவேண்டும். மலசலகூடம் இல்லாத இடத்தில் கழிவை அதே தூரத்துக்கு அப்பால் 6 முதல் 8 அங்குல ஆழக் குழியில் புதைக்கவேண்டும். பாத்திரம் கழுவிய நீரையும் ஊற்றருகே ஊற்றக்கூடாது. இது சனநடமாட்டமில்லாத வனாந்தரங்களுக்கு வகுத்த குறைந்தபட்ச நெறி. கன்னியா போன்ற, நாள்தோறும் மக்கள் வந்துபோகும் இடத்துக்கு அது போதாது. இங்கே குழி தோண்டுவதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ஒழுங்கான மலசலகூடம் இருக்கும் இடத்தில் மட்டுமே இரவுத் தங்கலை அனுமதிக்கவேண்டும்.

நம் முன்னோர் வகுத்த ஒரு பழக்கம் இந்த நீரை இதுவரை காத்து வந்திருக்கிறது. கன்னியாவில் எவரும் கிணற்றுக்குள் இறங்கிக் குளிப்பதில்லை. வாளியால் அள்ளி வெளியே நின்று வார்க்கிறோம். உடம்பின் எண்ணெயும் அழுக்கும் கிணற்றுக்குள் சேராதிருப்பது இதனால்தான். பகலில் பெரியவர்களும் அங்குள்ள பணியாளர்களும் பார்த்துக்கொண்டிருக்கையில் இந்தப் பழக்கம் தானாகவே காக்கப்படுகிறது. நள்ளிரவில், கூடாரத்திலிருந்து எழுந்து வருபவர் கிணற்றுக்குள் காலை விடுவதையும், சவர்க்காரமும் ஷம்பூவும் கரைப்பதையும் தடுக்க ஆளில்லை. இளஞ்சூடான நன்னீரில் பெருகக்கூடிய நெய்க்லேரியா பௌலேரி என்னும் அமீபா மூக்கினூடாக மூளையை அடைந்தால் பெரும்பாலும் உயிரையே பறித்துவிடும் என்பதை, 2024இலும் 2025இலும் கேரளத்தில் ஏற்பட்ட மரணங்கள் பற்றிய செய்திகளைப் படித்தவர்கள் அறிவார்கள். குடித்தால் அது தொற்றாது. மூக்குக்குள் நீர் புகும்போதே தொற்றுகிறது. வெந்நீரில் முங்குவதையும் தலையை அமிழ்த்துவதையும் பல நாடுகளில் எச்சரிக்கைப் பலகை வைத்துத் தடுப்பதற்கு இதுவே காரணம். கன்னியாவைப் பற்றிப் பீதி கிளப்புவது என் நோக்கமன்று. இறங்காமல் அள்ளி வார்க்கும் நம் பழக்கம் மருத்துவ நோக்கிலும் சரியானது என்பதையும், அது இரவிலும் காக்கப்படவேண்டும் என்பதையுமே சொல்கிறேன்.

இன்னொரு காரணம் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. இம்மாவட்டத்துச் சைவ மக்களுக்குக் கன்னியா குளிக்கும் இடம் மட்டுமன்று. தாய் தந்தையரை இழந்தவர்கள் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளுக்காகவும், ஆடி அமாவாசையில் பிதிர்க்கடனுக்காகவும் அங்கே வருகிறார்கள். கிணறுகளை அண்டியுள்ள கோயில் நிலம் தொடர்பான சர்ச்சையும் வழக்கும் எல்லோரும் அறிந்தவை. அவற்றுக்குரிய இடம் நீதிமன்றம் என்பதால் இக்கடிதத்தில் அவற்றைத் தொடவில்லை. ஆனால் நிலம் யாருக்குரியது என்ற கேள்விக்கு எந்த விடை கிடைத்தாலும், தகப்பனின் கிரியைக்காக விடியுமுன் ஈரவேட்டியோடு வந்து நிற்கும் ஒரு மகனுக்கு அருகே, முந்திய இரவின் போத்தல்களும் அணைந்தும் அணையாத அடுப்பும் கிடக்கக்கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆடி அமாவாசை சுற்றுலாப் பருவத்தின் உச்சத்திலேயே வருகிறது. இரு சாராரும் ஒரே அதிகாலையில் ஒரே கிணற்றடியில் சந்திக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த விடயம். ஆகவே முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

தங்குபவர்களின் பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நமது வரள்வலயக் காட்டோரங்களில் வெறுந்தரையில் படுப்பவர்களுக்குப் பெரும் எதிரி கட்டுவிரியன். அது இரவில் இரை தேடித் திரிவது. தூங்குபவரைத் தீண்டினால் வலிகூடப் பெரிதாகத் தெரிவதில்லை. இமை தாழ்ந்து, பேச்சுக் குழறி, மூச்சு முட்டத் தொடங்கிய பிறகே பலர் விழித்துக்கொள்கிறார்கள். பற்றைக்குள் தனித்து நிற்கும் கூடாரத்திலிருந்து அப்படிப்பட்ட ஒருவரை இருட்டில் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்து வாகனம் பிடிப்பதற்கும், சந்தியருகே காவலாளியும் விளக்கும் உள்ள நிலத்திலிருந்து நேராகத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு விரைவதற்கும் இடைப்பட்ட நேரமே உயிரைத் தீர்மானிக்கும். தரையை நன்றாகச் செருக்கி, அடிப்பாகம் தைத்து மூடிய கூடாரத்தை மட்டும் அனுமதித்தால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். நெருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறி எவ்வளவு தூரம் ஓடும் என்பதை இங்குள்ள விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள். திறந்த நெருப்பை முற்றாகத் தடைசெய்து, கட்டிய அடுப்பு மேடைகளை மட்டும் பாவிக்க விடவேண்டும்.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று சிலர் சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கொனன்ட்ரம் என்றொரு வெந்நீரூற்று இருக்கிறது. 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஏறத்தாழ 14 கிலோமீற்றர் மலைப்பாதையில் நடந்தே அதை அடையவேண்டும். அவ்வளவு எட்டாத இடத்திலும் கூடாரங்கள் பெருகி, மனிதக் கழிவும் குப்பையும் தாங்கமுடியாத நிலை வந்தபோது, 2018 முதல் அங்கே இரவு தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும், ஒதுக்கிய இடங்களில் மட்டுமே கூடாரம் அடிக்கவேண்டும் என்று அந்நாட்டு வன சேவை விதித்தது. கலிபோர்னியாவின் டீப் கிரீக் வெந்நீரூற்றில் இரவு தங்குவதே தடை; பகலில் மட்டும் போய் வரலாம். அங்கே போவோர் நடைபாதை தொடங்கும் பக்கத்திலுள்ள தனியார் பண்ணையில் கட்டணம் செலுத்திக் கூடாரம் அடித்து, காலையில் நடந்து இறங்கிக் குளித்துவிட்டுத் திரும்பும் வழக்கம் நெடுநாளாக இருந்து வந்திருக்கிறது. தங்கலைப் பாதையின் தொடக்கத்தோடு நிறுத்தி, நீரை நீராக விட்டுவைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் நானும் கேட்கிறேன். அங்கே மலைப்பாதையில் நடக்கவேண்டும். நமக்கோ சந்தியிலிருந்து கிணறுகளுக்குக் காலாற நடக்கும் தூரமே.

வெளிநாட்டை விட்டுவிட்டு நம் நாட்டையே பார்த்தாலும் முன்மாதிரிகள் உண்டு. வில்பத்து, யால, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய தேசியப் பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கியுள்ள இடங்களில், முன்பதிவு செய்து பணம் கட்டியவர்களே கூடாரமடித்துத் தங்கலாம். நம் கண்ணெதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நிலாவெளியிலிருந்து பகலில் சீட்டெடுத்துப் போய் வரலாமே தவிர இரவில் அங்கே தங்க முடியாது. கடலுக்குள் இருக்கும் முருகைக் கற்களுக்குக் கொடுக்கும் இந்தக் காவலை ஏழு சிறு கிணறுகளுக்கும் கொடுக்க நம்மால் முடியும்.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் சிக்கல். கிணறுகளும் சுற்றாடலும் தொல்பொருள் திணைக்களத்தின் பார்வையில் இருக்கின்றன. குப்பை அகற்றலும் பொது வசதிகளும் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபையின் வேலை. காடென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். பயணிகளென்றால் கிழக்கு மாகாண சுற்றுலாப் பணியகம். ஒவ்வொருவரிடமும் போனால் மற்றவரைக் காட்டுவார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு. மாவட்டச் செயலாளர் இவர்கள் அனைவரையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்து, நிலத்தை நேரில் பார்த்து, சந்திப் பக்கமாக எந்தத் துண்டு பொருத்தமானது என்று முடிவு செய்தால் மிச்சமெல்லாம் எளிது. பெரிய கட்டடமோ ஹோட்டலோ தேவையில்லை. கூடார எண்ணிக்கைக்கு ஓர் உச்ச வரம்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மலசலகூடம், கிணறுகளுக்குப் புறம்பாகப் போதிய தூரத்தில் அடைத்துக் கட்டிய கழிவுத் தொட்டி, குழாய் நீர், நாயும் குரங்கும் திறக்கமுடியாத மூடியுள்ள குப்பைத் தொட்டிகள், இரவுக் காவலாளி இருவர், இவ்வளவும் போதும். காவலும் துப்புரவும் கன்னியாவிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் உள்ளவர்களுக்கே வேலையாகக் கிடைக்கவேண்டும். கூடாரக் கட்டணத்தில் ஒரு பங்கு கட்டாயமாக அந்த இடத்தின் பராமரிப்புக்கே திரும்பவேண்டும். அப்படி எழுதிவைக்காத திட்டங்கள் இரண்டு பருவங்களில் பாழடைந்துபோவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், பிழையற்ற எழுத்தில், சந்தியிலேயே பெரிதாக எழுதிவைக்கவேண்டும். கிணற்றருகே போன பிறகு படிக்கும் பலகையால் பயனில்லை.

நம் மாவட்டத்தில் வெந்நீர் கன்னியாவோடு முடிவதில்லை. கோமரங்கடவலப் பக்கம் ரன்கிஹிரிய உல்பொத என்னும் ஊற்றும் உண்டு. கன்னியாவை அறிந்த பயணிகளில் பலர் அதை அறியமாட்டார்கள். அங்கே கூடாரத் தங்கல் எதையும் இப்போதைக்கு ஊக்குவிக்கக்கூடாது என்பது என் கருத்து. அது யானை நடமாட்டமுள்ள பகுதி. கூடாரத்துக்குள் வைத்திருக்கும் வாழைப்பழமும் அரிசியும் யானைக்குத் தூரத்திலேயே மணக்கும். சீலைச் சுவர் அதற்கு ஒரு தடையே அன்று. கன்னியாவில் ஓர் ஒழுங்கு அமைந்தால், காட்டு ஊற்றுகளைத் தேடி இரவில் அலையும் தேவையும் இளைஞர்களுக்குக் குறையும்.

இளைஞர்களிடம் நேரடியாக ஒன்று கேட்கிறேன். அந்த நிலம் ஒதுக்கப்படும் வரை சந்திக்கு உள்ளே கூடாரம் அடிக்காதீர்கள். நகரிலோ உப்புவெளியிலோ தங்கி, முதல் ஓட்டோவில் புறப்பட்டாலும் காலைக் குளிருக்குள் கன்னியாவை அடையலாம். சவர்க்காரத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். கொண்டுவந்த பொலித்தீனை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். கிரியைக்கு வந்தவர்கள் நின்றால் அவர்களுக்கு முதலில் கிணற்றை விடுங்கள்.

மாவட்டச் செயலாளரும் பிரதேச சபையும் தொல்பொருள் திணைக்களமும் வரும் ஆடி அமாவாசைக்கு முன், முதற்கட்டமாக, இரவு நேரத்தில் கிணற்று வளவை மூடி ஒரு காவலாளியை நியமிப்பதையும், சந்தியில் தற்காலிக மலசலகூடங்களோடு ஒரு வெளியைக் கூடாரங்களுக்கென அடையாளமிடுவதையும் செய்து முடிக்கவேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உவர்மலை வாசகர்,
திருகோணமலை.